காசநோய்ச் சிகிச்சைக்கு நடுவில் ஊருக்குக் கிளம்புகிறீர்களா?

ஆறு மாதத்துக்கு மேல் இங்கிலாந்தில் தங்கப்போகிறவர்கள் விசாவுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழோடுதான் வந்திருப்பீர்கள். அன்றைக்கு நோய் இல்லை என்பதற்கு மேல் அந்தக் காகிதத்துக்குப் பொருளில்லை. உடம்பில் உறங்கும் கிருமி பிறகும் தலைதூக்கலாம். வந்ததும் ஜி.பி.யிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம், பதிந்துகொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் போய்க் காட்டுங்கள். எந்த விசாவில் இருந்தாலும் காசநோய்ச் சிகிச்சை இங்கே இலவசம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நோய் என்று கேட்டதும் அம்மா, "கிளம்பி வாப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். என் நண்பர் முதல் இரண்டு மாத மாத்திரை முடிந்ததும் மதுரைக்குப் போனார். அங்கே புது நோயாளியாகப் பதிந்து, நிக்ஷய் எண்ணும் (இந்திய அரசின் காசநோய்ப் பதிவேட்டு எண்) மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினார். திரும்பி வந்தால், இங்குள்ள பதிவேட்டில் அவர் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்! தொடர்ந்து இரண்டு மாதம் மருந்து நின்றாலே உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அப்படித்தான் எழுதச் சொல்கிறது. இவர் நிறுத்தவே இல்லை. ஆனால் காட்டுவதற்குக் காலி மாத்திரை அட்டைகளைத் தவிர எதுவுமில்லை.

அந்த அட்டைகளும் வம்பை வளர்த்தன. ஆறு மாதச் சிகிச்சையில் பிந்தைய நான்கு மாதங்களுக்கு இங்கே ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுதான். நம் ஊரில் எத்தம்பியூட்டாலும் சேரும். மூன்றாவது மருந்து எதற்கு, கிருமி மருந்துக்கு அடங்கவில்லையா என்று சந்தேகம் எழுந்து, மறுபடி சளிப் பரிசோதனை, வேலைக்குப் போக முடியாமல் காத்திருப்பு. ஒரே மனிதர், இரண்டு நாட்டுக் கணக்கையும் சேர்த்தால் இரண்டு நோயாளி. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டியது நம் சென்னை ஆய்வு, அதுவும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு கைகோத்து. அதே இரு நாடுகளுக்கிடையே இவருக்காக ஒரு கடிதம் போகவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளம்புமுன் காசநோய்ச் செவிலியரிடம் கடிதம் கேளுங்கள். தொடங்கிய தேதி, மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் மில்லிகிராம் அளவு, உங்கள் எடை, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்ற ஆய்வக முடிவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊரில் பதியும்போதே சிகிச்சையின் நடுவில் வந்திருப்பதைச் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். நிக்ஷய் எண்ணை அன்றே இங்குள்ள செவிலியருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொடக்கத்தில் சளியில் கிருமி இருந்தவர்கள் கடைசி மாதப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 'சிகிச்சை முடித்தார்' என்று எழுதுவார்களே தவிர, 'குணமடைந்தார்' என்று எழுத மாட்டார்கள். மருந்து சாப்பிட்ட பதிவுள்ள, முத்திரை வைத்த சிகிச்சை அட்டை, திரும்பும் விமானத்தில் பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்கட்டும்.