எண்ணூர் முகத்துவாரத்தில் விலங்கு மிதவையுயிரிகளைச் சேகரித்து ஆராய்வது எப்படி?

கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் கடல்நீர், மழைவெள்ளம், அனல்மின் நிலையச் சுடுநீர், ஆலைக்கழிவு ஆகிய நான்கும் குறுகிய பரப்புக்குள் சந்திப்பதால், நீரின் நிலை மாறும்போது அதில் மிதக்கும் சிறு விலங்குகளான விலங்கு மிதவையுயிரிகளின் கூட்டம் எப்படி மாறுகிறது என்பதைத் தொடக்கநிலை மாணவரும் இங்கே நேரில் காணலாம்.

முதற்படி, நேரத்தைக் குறிப்பது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறும்போது கடலினங்கள் உள்ளே வருகின்றன. வற்றும்போது கழிமுக இனங்கள் வெளியேறுகின்றன. ஓதத்தின் ஒரே கட்டத்தில் மாதிரி எடுக்காதவர், இரு மாதங்களை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு இரு ஓதங்களையே ஒப்பிடுவார். பல இனங்கள் பகலில் ஆழத்தில் தங்கி இரவில் மேலேறுவதால் மணியும் மாறக் கூடாது. ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், இவ்விரண்டும் ஏறக்குறைய இரு வாரத்துக்கு ஒருமுறைதான் கூடிவரும்.

அடுத்து, வலையை இறக்குவதற்கு முன்பே வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த அளவுகள் இல்லாத மாதிரியால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

பிறகு, 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) துளையுள்ள கண்ணியும் அரை மீட்டர் வாய் விட்டமும் உள்ள வலையை அருகிலுள்ள மீனவ ஊரான நெட்டுக்குப்பத்து ஃபைபர் படகு ஒன்றிலிருந்து 50 மீட்டர் மெதுவாக இழுத்தால், ஏறத்தாழ 10 கன மீட்டர் நீர் வடிகட்டப்படும். மழைக்காலத்தில் வண்டல் கண்ணியை அடைத்துவிடும் என்பதால் தூரத்தைக் குறையுங்கள். நாப்ளியஸ் எனப்படும் இளம்பருவ உயிரி போன்ற மிகச் சிறியவை இக்கண்ணி வழியே நழுவிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாதிரியை 4 முதல் 5 விழுக்காடு ஃபார்மலினில், கையுறை அணிந்து, பாதுகாக்க வேண்டும்.

நுண்ணோக்கியில் பெரும்பாலும் தெரிபவை இறால் வகையைச் சேர்ந்த சிற்றுயிர்களான துடுப்புக்காலிகள். உப்பு ஆயிரத்தில் 35 பங்கை ஒட்டியிருந்தால் பாராகலானஸ் என்ற துடுப்புக்காலி, அம்புப்புழு போன்ற கடலினங்களைத் தேடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் உப்பு குறையும்போது பிராக்கியோனஸ் போன்ற சக்கர உயிரிகள், நீர்த்தெள்ளுகள் ஆகிய நன்னீர்ச் சிற்றுயிர்களும் ஆற்றோடு வந்து சேரும். அகார்ஷியா, ஒய்த்தோனா ஆகிய துடுப்புக்காலிகளில் சில இனங்கள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். வெப்பம் ஓரளவு வரை வளர்ச்சியை விரைவுபடுத்தும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

எண்ணிக்கை குறைந்தவுடன் மாசையே காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நன்னீர் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் இங்கு ஒருசேர வந்தன. அத்தகைய வேளையில், வெள்ளம் மட்டும் வந்த வேறொரு கழிமுகத்தின் மாதிரியையும் அதே வாரத்தில் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து எண்ண வேண்டும்.