வயல் குழாயில் ஒரு மிதவை: மைக்ரோகண்ட்ரோலர் சொற்களைப் பழக ஒரு சின்ன வேலை

மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் குட்டிக் கணினி சிப், பற்றிப் படிக்க உட்காரும் பலர் முதலில் கலைச்சொல் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அது தேவையில்லை. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, எந்தச் சொல் எப்போது எதிரே வருகிறதோ அப்போது அதைப் பழகினால் போதும். டெல்டாவில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுகிறவர்கள் வயலில் துளையிட்ட பிவிசி குழாயைப் பதித்து, அதில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவார்கள் (பூக்கும் சமயத்தில் காயவிடக் கூடாது). மன்னார்குடிப் பக்கம் போர் தண்ணீரில் குறுவை போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் வரப்பில் நடந்துபோய்க் குழாயை எட்டிப் பார்க்காமல், ஒரு விளக்கு எரிந்து அதைச் சொல்லும்படி செய்வோம்.

ஆர்டுயினோ ஊனோ என்கிற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, டேட்டா போகிற யுஎஸ்பி கேபிள், சின்ன மிதவை ஸ்விட்ச், சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர் (கரண்ட்டை மட்டுப்படுத்துவது), பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் ஒயரைச் செருகும் பலகை), ஒயர். இவ்வளவுதான் பொருட்கள்.

முதல் படி, போர்டைப் பாருங்கள். முழுப் பலகையும் மைக்ரோகண்ட்ரோலர் இல்லை. அதன் மேல் இருக்கும் ஏடிமெகா328பி என்கிற சிப்தான் மைக்ரோகண்ட்ரோலர். அதற்குள் 32 கேபி ஃபிளாஷ் இருக்கிறது, நாம் எழுதும் புரோகிராம் கரண்ட் போனாலும் அதில் அப்படியே இருக்கும். 2 கேபி ரேம் தற்காலிகக் கணக்குக்கு. கரண்ட் போனால் அதில் இருப்பது போய்விடும். ஓரத்துத் துளைகள்தான் பின்கள்.

இரண்டாவது படி, எல்இடி. நீளக் கால் 220 ஓம் வழியாக 8ஆம் பின்னுக்கு, குட்டைக் கால் கிரவுண்டுக்கு. கிரவுண்டு என்றால் இங்கே பூமியில் புதைக்கிற எர்த் இல்லை, மற்ற வோல்டேஜை எல்லாம் எதிலிருந்து அளக்கிறோமோ அந்தப் பூஜ்யம். ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள்: பின் தருவது 5 வோல்ட், சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர் வரும். ஒரு பின்னிலிருந்து 20க்குள் எடுப்பது நல்லது, 40ஐத் தாண்டினால் சிப் கெட்டுப்போகலாம்.

மூன்றாவது படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மிதவைக்குள் காந்தம் இருக்கிறது, தண்டுக்குள் காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் ஸ்விட்ச்; குழாயில் நீர்மட்டம் அந்த 15 செ.மீ.க்கு வந்து மிதவை கீழே இறங்கினால் ஸ்விட்ச் மூடும்படி, அதாவது அதன் இரண்டு ஒயரும் உள்ளே சேரும்படி, வையுங்கள் (எதிராக வேலை செய்தால் மிதவையைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் சரியாகிவிடும்). ஒரு ஒயர் 2ஆம் பின்னுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. ஸ்விட்ச் மூடியிருந்தால் பின் 0 வோல்ட்டில் இருக்கும், அதுதான் லோ. திறந்திருந்தால்? 5 வோல்ட் என்று நினைத்தால் தப்பு. எதோடும் சேராத பின் சுற்றிலும் உள்ள மின் இரைச்சலுக்கு ஏற்ப ஹை (5 வோல்ட் பக்கம்), லோ என்று மாறி மாறிக் காட்டும்; இதை ஃப்ளோட்டிங் என்கிறார்கள். அதற்குத்தான் புல்-அப் ரெசிஸ்டர், தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு மாதிரி: யாரும் தள்ளாதபோது பின்னை 5 வோல்ட் பக்கம் வைத்திருக்கும், ஸ்விட்ச் மூடினால் விட்டுக்கொடுத்துவிடும். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோஓம் வரையில் ஒன்று இருக்கிறது. ஒயரை வயல் வரைக்கும் இழுக்கும்போது அது போதாமல் போகலாம், அப்போது வெளியே 4.7 கிலோஓம் ஒன்றைப் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் போடுங்கள்.

அப்புறம் புரோகிராம். அதில் இரண்டு பகுதி. செட்டப் ஒரே ஒரு முறை ஓடும்: 2ஆம் பின்னை இன்புட் புல்அப், 8ஐ அவுட்புட் என்று அங்கே அறிவியுங்கள். லூப் திரும்பத் திரும்ப ஓடும்: 2ஆம் பின்னைப் படி, லோ என்றால் 8ஐ ஹை ஆக்கு, இல்லையென்றால் லோ ஆக்கு. யுஎஸ்பி வழியாக அப்லோடு செய்து, மிதவையைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

காற்றடிக்கும்போது தண்ணீர் அசைந்து விளக்கு மினுக் மினுக் என்றால், லோ தொடர்ந்து 30 வினாடி நீடித்தால்தான் எரிய வேண்டும் என்று எழுதுங்கள். பட்டன்களுக்குச் சில மில்லிவினாடி காத்திருக்கும் டிபவுன்ஸ் என்கிற அதே உத்திதான்.

மோட்டாரையும் ஓட்ட வேண்டுமா? மூன்று ஃபேஸ் மோட்டாரின் கரண்ட்டை இந்தப் போர்டு தாங்காது, சின்ன ரிலேவில் (சிறு கரண்ட்டால் இயங்கும் ஸ்விட்ச்) நேராகக் கொடுக்கவும் கூடாது. ரிலே மாட்யூல் ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் இயக்க வேண்டும், அந்த ஒயரிங்கை ஒயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.