4×5 கேமராவில் முகப்படம் எடுக்க எந்த லென்ஸ்?

4×5 அங்குல ஃபிலிமுக்கு 150 மி.மீ. குவியத் தூரம் கொண்டதுதான் சாதாரண லென்ஸ். அதை வைத்துத் தலையும் தோளும் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் முக்கால் மீட்டர் வரை நெருங்க வேண்டும். மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். 210 மி.மீ. என்றால் ஒரு மீட்டரிலும், 300 என்றால் ஒன்றரை மீட்டரிலும் அதே அளவு கிடைக்கும். முதல் லென்ஸாக 210, எஃப்/5.6 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) வாங்குங்கள்.

300-ஐ விரும்பினால் முதலில் பெல்லோஸை (லென்ஸையும் ஃபிலிமையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) அளந்து பாருங்கள். இந்த அளவு முகத்துக்கு அதை 375 மி.மீ. வரை இழுக்க வேண்டும். பல மடக்குக் கேமராக்கள் அவ்வளவு நீளாது. இழுத்த பெல்லோஸ் ஒளியையும் குறைக்கும்: ஃபிலிமில் முகம் நிஜத்தில் கால் பங்காக விழும் இந்த உருவளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டிக் கொடுங்கள். இதை மறந்தால் நெகட்டிவ் மெலிந்துதான் வரும்.

எஃப்/5.6-இல் கூர்மை சுமார் 2 செ.மீ. ஆழத்துக்கே நிற்கும். அருகிலுள்ள கண்ணின் இமைமுடியை லூப்பில் (கையடக்க உருப்பெருக்கி) பார்த்து ஃபோகஸ் செய்தாலும், ஃபிலிம் ஹோல்டரைச் செருகும் நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் லேசாகச் சாய்ந்தால் போதும், கூர்மை புருவத்துக்கோ காதுக்கோ போய்விடும். நாற்காலிக்குப் பின்னால் தலையைத் தாங்க ஏதாவது வையுங்கள். எஃப்/11 வைத்தால் கூர்மையின் ஆழம் கூடி, கொஞ்சம் நிம்மதி தரும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஷட்டரை 1 நொடியில் ஓட்டிக் காதுகொடுத்துக் கேளுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் எண்ணெய் இறுகியிருக்கிறது, சுத்தம் செய்யும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பிறகு டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, பால்போன்ற மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் வாங்க வேண்டாம்.