மக்காச்சோளத்தில் நச்சுப் பூஞ்சைகளை இனங்காணுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

1974ஆம் ஆண்டு ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும், பருவம் தவறிய மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டதால் கல்லீரல் பாதிக்கப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குக் காரணமான அஃப்ளாடாக்சின் என்னும் நச்சைச் சுரப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. அதையும் அதன் கூட்டாளிகளையும் அடையாளம் காணும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். தொடங்குமுன் முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். பூசணம் பிடித்த மணிகளை ஒருபோதும் முகர்ந்து பார்க்காதீர்கள்.

முதல் வேலை மாதிரி எடுப்பது. பெரும்பாலோர் சறுக்கும் இடமும் இதுதான். நச்சு எல்லா மணிகளிலும் சீராகப் பரவியிருப்பதில்லை என்பதால், மூட்டையின் மேற்பரப்பில் அள்ளிய ஒரு கைப்பிடியை நம்ப முடியாது. பல மூட்டைகளின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து குவியுங்கள். குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து, ஒரு கிலோ அளவுக்கு வரும்வரை இதையே செய்யுங்கள்.

அடுத்து, கதிர் கிடைத்தால் அதையே கைலென்ஸால் பாருங்கள். புழு துளைத்த வழியிலும் கதிர் நுனியிலும் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படிந்திருந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என ஐயுறலாம். ஃபியூமோனிசின் நச்சைச் சுரக்கும் ஃபியூசேரியம் வெர்ட்டிசிலியாய்டிஸ், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிகளில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பஞ்சாகப் படரும். சில மணிகளின் உச்சியிலிருந்து நட்சத்திரக் கதிர்கள்போல வெண்கீற்றுகள் பிரிந்து இறங்கும். நீலப்பச்சை நிறம் பெனிசிலியம் என்ற பூஞ்சையைக் குறிக்கும். டிரைக்கோடெர்மா என்னும் வேறொரு பூஞ்சையும் பச்சைதான் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

மூன்றாவதாக, மணிகளை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு நிமிடம் நனைத்து, கிருமிநீக்கிய நீரில் மூன்று முறை கழுவுங்கள். இதனால் மேலே ஒட்டிய தூசுப் பூஞ்சை நீங்கி, உள்ளே புகுந்தது மட்டும் வளரும். பெட்ரி தட்டில் (மூடியுள்ள ஆழமற்ற வட்டத் தட்டு) ஈரமான உறிஞ்சுதாள் மூன்றை அடுக்கி, தட்டுக்குப் பத்து மணிகளாக இடைவெளிவிட்டு வைத்து, ஒரு நாள் கழித்து இரவு முழுதும் உறைபெட்டியில் வையுங்கள். இல்லையேல் மணிகள் முளைத்து மூடியை முட்டித் தள்ளிவிடும். பிறகு சுமார் 25 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் விட்டுவைக்கலாம்.

நான்காவது, நுண்ணோக்கி. ஃபிளேவஸின் காம்பு சொரசொரப்பாக உயர்ந்து, நுனியில் உருண்டையாகப் புடைத்து, அதைச் சுற்றிலும் வித்துகளை (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை) தாங்கி நிற்கும். பெனிசிலியத்தில் அந்தப் புடைப்பு இராது, காம்பு தூரிகைபோலக் கிளைக்கும். ஃபியூசேரியம் வெர்ட்டிசிலியாய்டிஸின் சிறு வித்துகள் நீண்ட சங்கிலியாகக் கோத்திருக்கும். கண்ணாடித் தகட்டில் நீர்த்துளி பட்டவுடன் அந்தச் சங்கிலி அறுந்துவிடுவதால், மணியை எடுக்காமல் தட்டோடு வைத்தே குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள்.

இதுவரை தெரிந்தது பூஞ்சையின் பெயர் மட்டுமே. ஃபிளேவஸின் எல்லா வகைகளும் நஞ்சைச் சுரப்பதில்லை. பூஞ்சை மடிந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பின்பும் நஞ்சு மணியில் தங்கியிருக்கும், சமைத்தாலும் முற்றிலும் அழியாது. உடைத்த மணிகளை 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் வைத்தால் தெரியும் பச்சைமஞ்சள் ஒளிர்வு, பூஞ்சை சுரக்கும் கோஜிக் அமிலத்தால் வருவது. அதை ஓர் எச்சரிக்கையாக மட்டும் கொள்ளுங்கள். நச்சின் அளவை எலிசா (எதிர்ப்பொருள் கொண்டு அளப்பது) அல்லது ஹெச்பிஎல்சி (கலவையைக் கருவியில் பிரித்து அளப்பது) என்னும் ஆய்வகச் சோதனைதான் சொல்லும். இந்தியாவில் தானியங்களுக்கான அஃப்ளாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்பதால், எஞ்சிய மாதிரியை அரைத்து, நன்கு கலந்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பயன்படுத்திய தட்டுகளைத் திறந்து போடாமல், ஆட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கலனில் கிருமிநீக்கிய பிறகே அப்புறப்படுத்துங்கள்.