தெஸெரோவா, தூஸெரோவா: பாரிஸ் சந்தையில் பிரெஞ்சு பேசத் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

பாரிஸுக்குப் புதிதாக வந்து பிரெஞ்சு கற்கத் தொடங்கியிருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளைச் சில சனிக்கிழமைகளில் பார்பெஸ் சந்தைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். லா ஷப்பேல் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், மெட்ரோ 2ஆம் தடத்தின் மேம்பாலத்துக்கு அடியில், புதனும் சனியும் கூடும் சந்தை அது. வந்த புதிதில் நான் எங்கெல்லாம் சறுக்கினேனோ, அச்சொட்டாக அங்கேயே இவர்களும் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. முதலில் ‘போன்ஜூர்’, இறுதியில் ‘மெர்சி’ என்பதையெல்லாம் பாடநூலின் முதல் பக்கமே சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

எண்களைத் தனியாகப் படிப்பது

எனக்கு இன்றுவரை ஆறாத தவறு இதுதான். வகுப்பில் எண்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறோம். இரண்டுக்கு ‘தெ’, பன்னிரண்டுக்கு ‘தூஸ்’. இரண்டின் எழுத்தில் இருக்கும் கடைசி மெய் ஒலிப்பதில்லை. பன்னிரண்டிலோ கடைசி ‘ஸ்’ நன்றாகக் கேட்கிறது. ஆகவே ‘ஸ்’ கேட்டால் பன்னிரண்டு, கேட்காவிட்டால் இரண்டு என்று காது ஒரு குறுக்குவழியைப் பழகிக்கொள்கிறது. ஆனால் சந்தையில் எண் ஒருபோதும் தனியாக வருவதில்லை. அதன் பின்னால் ‘எரோ’, அதாவது யூரோ, வருகிறது. உயிரொலியில் தொடங்கும் சொல் பின்னால் வந்தவுடன், அதுவரை ஊமையாகக் கிடந்த மெய் விழித்துக்கொண்டு அச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நம் புணர்ச்சியைப் போன்ற இதைப் பிரெஞ்சில் ‘லியேசோன்’ என்பார்கள். இப்போது இரண்டு யூரோ ‘தெஸெரோ’ ஆகிறது, பன்னிரண்டு யூரோ ‘தூஸெரோ’ ஆகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரேயோர் உயிரொலிதான். அதுவும் தமிழில் இல்லாத உயிரொலி.

ஜூன் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை, வேறொரு சந்தையில், செர்ரிப்பழக் குவியலின் முன் நின்றிருந்தேன். விலைப்பலகையை எனக்கு முன்னால் நின்றவரின் தோள் மறைத்திருந்தது. விலை கேட்டேன், கடைக்காரர் சொன்னது ‘தெஸெரோ’ என்று காதில் விழுந்தது. பருவம் தொடங்கும்போதே செர்ரி கிலோ 2 யூரோவுக்குக் கிடைக்குமா என்று ஒரு கணமும் யோசிக்காமல், தாராளமாக இரண்டு கிலோ கேட்டேன். நிறுத்துப் பையைக் கொடுத்தபடி அவர் ‘வான்த்-கத்ர்’ என்றார், அதாவது இருபத்து நான்கு. நான் எதிர்பார்த்திருந்த ‘கத்ர்’, அதாவது நான்கு, அதற்குள் இருந்தது. எனக்குக் கேட்டதும் அது மட்டுந்தான். நான் நீட்டிய ஐந்து யூரோத் தாளையும் என் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவர்களின் பொறுமை கழுத்தில் சுட்டது. வாங்குபவர் பக்கமும் தெரியும்படி தராசில் தொகை ஒளிர்ந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ‘பர்தோன், ஜே மல் கொம்ப்ரி, யுன் லிவ்ர் ஸெல்மான்’, அதாவது ‘மன்னிக்கவும், தவறாக விளங்கிக்கொண்டேன், அரைக் கிலோ போதும்’ என்று சொல்லியிருந்தால் அவர் சலித்துக்கொண்டாவது எடுத்துக் கொட்டியிருப்பார். அந்த வாக்கியம் அன்று என்னிடம் இல்லை. மானத்துக்கு அஞ்சி 24 யூரோவையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தவறின் வேர் என் குறிப்பேட்டில் இருந்தது. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டையும் பன்னிரண்டையும் ஒரே ‘தூ’வில்தான் எழுதியிருந்தேன். இங்கேயும் வேறு வழியின்றித் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், ஆகையால் தயவுசெய்து இதைப் பார்த்து உச்சரிப்புப் பழகாதீர்கள். இரண்டின் ஒலியைப் பிடிக்க, ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதடுகளை மட்டும் ‘ஓ’வுக்குக் குவிப்பதுபோலக் குவியுங்கள். பன்னிரண்டுக்கு நம் ‘ஊ’வே போதும். ஆறு யூரோவும் பத்து யூரோவும் இதே வகைச் சிக்கல்தான்: ‘ஸீஸெரோ’, ‘தீஸெரோ’. எண்களை எப்போதும் ‘எரோ’வோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பலகையைப் பார்த்தால் போயிற்று என்பவர்களுக்கும் ஒரு சொல்: கையால் எழுதும் 1ஐ இங்கே நீண்ட கொம்போடு எழுதுவதால் அது நமக்கு 7 போலத் தெரியும், அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும்.

லிவ்ரை இறாத்தல் என்று நினைப்பது

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஓர் இறாத்தல் பாண் என்றால் விளங்கும், ஆனால் இறாத்தல் ஏறக்குறைய 454 கிராம். பிரெஞ்சுச் சந்தையில் ‘யுன் லிவ்ர்’ என்பது சரியாக 500 கிராம். நெப்போலியன் ஆட்சியில் 1812இல் பழைய பெயரைப் புதிய அளவுக்குப் பொருத்தினார்கள். 1840 முதல் சட்டம் அந்தப் பெயரை ஒதுக்கியும் சந்தை வாய் அதை விடவில்லை. அரைக் கிலோ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ‘தெமி-லிவ்ர்’ கேட்பவருக்கு 250 கிராம்தான் கிடைக்கும். ‘யுன்’ என்பதை ‘அன்’ ஆக்கினால் லிவ்ர் புத்தகமாகிவிடும். தக்காளிக் கடையில் அதனால் யாரும் குழம்பமாட்டார்கள்.

பழத்தைத் தொடுவது

கடைக்காரர் எடுத்துத் தருவார். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

விளங்காமல் தலையாட்டுவது

கால் கிலோ சீஸ் கேட்கிறீர்கள், தராசு 310 காட்டுகிறது. கடைக்காரர் ‘இல் யான் ஆ அன் பெ ப்ளுஸ், ஜெ வூ லெ லேஸ்?’ என்கிறார். சற்றுக் கூடுதலாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டுமா என்று பொருள். இது ஏமாற்று அல்ல, உண்மையான கேள்வி. வேண்டாமென்றால் ‘அன் பெ முவான்’ என்றால் குறைத்துவிடுவார். நம்மவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், ஒவ்வொரு கடையிலும் ஆட்டுவார்கள். அந்த ‘ப்ளுஸ்’ஸின் இறுதி ஒலியையும் கவனியுங்கள்: ‘இயான் ஆ ப்ளுஸ்’ என்றால் இன்னும் இருக்கிறது, ‘ஸ்’ இல்லாமல் ‘இயான் ஆ ப்ளு’ என்றால் தீர்ந்துவிட்டது.

மிளகும் மிளகாயும்

‘புவாவ்ர்’ மிளகு, ‘புவாவ்ரோன்’ குடைமிளகாய், ‘பிமான்’ மிளகாய். ‘ரெஸான்’ திராட்சைப்பழம், உலர்ந்தது வேண்டுமென்றால் ‘ரெஸான் செக்’.

மீனை அப்படியே வாங்கி வருவது

முழு மீனை நிறுத்து விலை சொன்ன பிறகே சுத்தம் செய்வார்கள். பெரும்பாலும் அதற்குத் தனிக் கூலி கிடையாது. ‘வூ பூவே லெ வீதே, ஸில் வூ ப்ளே?’ என்று கேட்டால் குடலை எடுத்துவிடுவார்கள், ‘எக்காயே’ என்றால் செதிலைச் சீவுவார்கள். கேட்கத் தெரியாமல் ஒரு பெரிய மீனைச் செதிலோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்னக் குளியலறைத் தொட்டியில் வைத்துச் சுரண்டிய மருமகன் ஒருவன் எனக்கு உண்டு. அடுத்த வாரம் அவன் சரியாகவே கேட்டான், ஆனால் குழம்புக்கு வேண்டிய தலையை மீன்காரர் நறுக்கிக் கழிவு வாளியில் போட்டுவிட்டார். தலை வேண்டுமென்றால் ‘கார்தே லா தேத்’ என்பதைக் கத்தி இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.