வீட்டு வைஃபைக்கு உறுதியான பூட்டு
தக்கலையில் என் அத்தை வீட்டு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலுள்ள கடவுச்சொல்லே மூன்று ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்ததைக் கண்டு, அன்றே மாற்றிக் கொடுத்தேன். உலாவியில் பெரும்பாலும் 192.168.1.1 என்று தட்டினால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில், வைஃபை கடவுச்சொல்லுடன், பலரும் மறந்துவிடுகிற நிர்வாகக் கடவுச்சொல்லையும் (அந்த அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கானது) கட்டாயம் மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறையாக 2018-இல் வந்த டபிள்யூபிஏ3-ஐ (WPA3), அது இல்லையெனில் டபிள்யூபிஏ2-ஐத் (WPA2) தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லைத் தட்டாமலே ஒரு பொத்தான் அல்லது எண் மூலம் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்துவிடுவது மிக அவசியம். அதன் 8 இலக்க எண்ணை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சோதிக்க முடிவதால், பழைய ரவுட்டர்களில் அதிகபட்சம் 11,000 முயற்சிகளிலேயே கண்டுபிடித்துவிடலாம். கடவுச்சொல்லில் வீட்டுப் பெயரும் செல்பேசி எண்ணும் வேண்டாம். மட்டிப்பழம், கட்டுமரம், திண்ணை, குடை என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்தெழுதினால், அத்தைக்கும் எளிதில் நினைவிருக்கும்.