புதர்ச்செடியில் மருந்து இருக்கிறதா? பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால் மரங்களை, அதாவது ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்யாமல் போட்ட நிலத்தில் சீக்கிரமே புதர் மண்டிவிடும். உண்ணிச்செடி, தொட்டாற்சிணுங்கி, மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்கிற ஊதாப்பூச் செடி, ஓரத்தில் கீழாநெல்லி. ஒவ்வொன்றுக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு வைத்தியம் சொல்வார்கள். எது உருப்படியானது என்று முதல் கட்டமாகப் பார்க்க ஒரு நோட்டும் பழைய நாளிதழும் போதும். கீழாநெல்லியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இடம். மருந்து தேடிப் போகிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது, "இங்கே களைக்கொல்லி மருந்து அடித்தீர்களா?" என்பதுதான். பராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020இல் தடை செய்துவிட்டது, ஆனால் மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரைக் கேளுங்கள். உள்ளே போக அனுமதியும் அப்படியே வாங்கிவிடலாம்.

அப்புறம் அடையாளம். இங்கேதான் நான் சறுக்கினேன். 'கீழாநெல்லி' என்று எழுதி வைத்ததில் பாதி வேறு செடி. கிளையைத் திருப்பிப் பாருங்கள், இலைக்கடியில் காய்கள் வரிசையாக இருக்கும். வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்கினால் நாம் தேடுவது. காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, தொட்டால் சொரசொரவென்று, தண்டும் சிவந்திருந்தால் அது அதன் பங்காளி. மலாயில் இரண்டையுமே டுக்கோங் ஆனாக் என்பார்கள். அதனால் பேரை நம்பாதீர்கள், காயை நம்புங்கள்.

காயோடும் வேரோடும் ஒரு செடியை நாளிதழ் மடிப்பில் வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றுங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தினமும் தாள் மாற்ற வேண்டும், மறந்தால் பூசணம். தேதி, இடம், பூவின் நிறம் எழுதிய சீட்டு கூடவே இருக்கட்டும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் உலர்செடித் தொகுப்பு இருக்கிறது. சந்தேகம் கேட்கப் போனால் வெறும் போட்டோ போதாது.

இனி பாட்டிமார். இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டுவார். "காமாலைக்கு" என்ற பதிலோடு எழுந்துவிடவும் கூடாது.

"எப்படிப் பாட்டி கொடுப்பீங்க?"

"பச்சையா அரைச்சு மோருல கலக்கி, வெறும் வயித்துல. கொதிக்க வெக்கக் கூடாதுய்யா."

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். சீனாவில் து யூயூ என்ற விஞ்ஞானி மலேரியாவுக்கு மூலிகை தேடியபோது, கொதிக்க வைத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய குறிப்பைப் பார்த்துத்தான், குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாறு எடுத்தார். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து அப்படிக் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு.

கடைசியாக, முன்பே யாராவது சோதித்தார்களா என்று தேடுங்கள். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: பாட்டி சொன்னது, எலியில் பார்த்தது, மனிதரில் பார்த்தது. எலியோடு நிற்பதுதான் அதிகம். கீழாநெல்லி மூன்றாவது கட்டம் வரை வந்த செடி. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. என் நோட்டில் அந்தக் கட்டத்தில் கேள்விக்குறிதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: எதையும் தின்று சோதிக்காதீர்கள். ஆடுதீண்டாப்பாளையும் காலங்காலமாக மருந்துதான், ஆனால் அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். கண் மஞ்சளானால் நோட்டை மூடிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.